துரை கை நனைத்த நாள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கோயமுத்தூரில் பியானோ வாசிக்க ஒரு பெண் வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீதம், கான்வென்ட்டில் டிரில்லுக்கு மார்ச் இசை, சொந்தக்காரர் விசேஷத்தில் கும்மிப்பாட்டு, மிச்ச நேரத்தில் ஜெர்மன்காரர்களின் சொனாட்டா. எதைக் கேட்டாலும் வாசிப்பேன். அடக்கம் வேண்டுமென்றால் வேறு யாரையாவது எழுதச் சொல்லுங்கள்.

எனக்குப் பத்தொன்பது வயதானபோது அப்பா ஒரு வாக்குக் கொடுத்தார். லண்டன்காரர்கள் நடத்தும் பியானோ பரீட்சையில் பாஸானால் குன்னூர் கான்வென்ட்டில் பியானோ டீச்சராகப் போகலாம். பெயிலானால் காங்கேயத்து மாமன் மகனைக் கட்டிக்கொள்ள வேண்டும். மாட்டைத் தவிர அந்த மாப்பிள்ளைக்கு வேறு பேச்சு வராது. மாடுகள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

பரீட்சை வைக்க வெள்ளைக்காரத் துரை ஒருவர் வந்தார். கான்வென்ட் பியானோவைக் கரையான் அரித்திருந்ததால் பரீட்சை எங்கள் வீட்டிலேயே நடந்தது. வந்தவரைச் சாப்பிட வைக்காமல் அனுப்பினால் அம்மாவுக்கு உயிர் தங்காது. தவிர, அவளுக்கு ஒரு யோசனையும் இருந்தது.

"நம்மூட்டுல கை நனைச்ச மனுசன் உன்னப் பெயில் போடுவானா கண்ணு?" என்றாள்.

வெள்ளாட்டுக் கறி, ஒப்புட்டு என்கிற பருப்புப் போளி, அதன்மேல் நெய். போதுமென்று துரை இலைக்குக் குறுக்கே கையை நீட்டினார். அம்மா கைமேலேயே நெய்யை ஊற்றிவிடுவாளோ என்று பயந்து கையை இழுத்துக்கொண்டார்.

சாப்பாடு முடிந்து பரீட்சை தொடங்கியது. சொனாட்டாவில் இரண்டாம் பக்கம் திருப்பும்போதே துரையின் குறட்டை கேட்டது. எனக்கு வந்த எரிச்சலில் கும்மிப்பாட்டுக்குத் தாவினேன். மனுஷன் அசையவில்லை. இரண்டு கையாலும் பியானோ கட்டைகள் மேல் ஓங்கி ஒரு சாத்து சாத்தினேன். திடுக்கிட்டு விழித்தவர், பிரமாதம் என்று சொல்லித் தொண்ணூறு மார்க் போட்டார்.

கதவோரம் அப்பாவோடு நின்றிருந்த அம்மா, வாயைத் திறக்காதே என்று சைகை காட்டினாள். சும்மா இருந்துவிட எனக்கும் ஆசைதான். ஆனால் பத்து வருஷம் விரல் தேய வாசித்தது இந்தக் குறட்டைக்குப் பக்கவாத்தியமாகவா? நீங்கள் தூங்கிவிட்டீர்கள், மறுபடியும் வாசிக்கிறேன் என்று துரையிடம் இங்கிலீஷில் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

இந்தத் தடவை கண்கொட்டாமல் கேட்டார். மூன்று இடத்தில் தப்பு. தொண்ணூறை அடித்துவிட்டு அறுபத்துமூன்று என்று எழுதினார். பாஸுக்கு அறுபத்தைந்து வேண்டும்.

துரை போனதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பைத்தியக்காரி, கையில் கிடைத்ததைத் தொலைத்துப்போட்டாளே என்று புலம்பினாள். அப்பா மார்க் காகிதத்தை வாங்கி, அடித்த மார்க்கையும் எழுதிய மார்க்கையும் வெகுநேரம் பார்த்தார்.

"நான் பெயில்தானுங்கப்பா" என்றேன். அழக்கூடாது என்று நினைத்திருந்தும் அழுதுவிட்டேன்.

மாமன் வீட்டுக்கு அன்றைக்கே ஆள் அனுப்பப்போவதாக அப்பா சொன்னார்.

"ஒரு வருசம் பொறுக்கச் சொல்லி உடறேன்" என்றார். "நீ போயி அந்த மூணு எடத்தையும் சரி பண்ணு கண்ணு."