ஜம்புக் கிளையில் மஞ்சள் துணி

வீட்டுச் சொந்தக்கார மாத்தயா வந்து வீட்டை விற்கப் போவதாகச் சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை. அவர் வீடு, அவர் விற்கிறார். வாங்குகிறவர் பின்பக்கத்து மரத்தை வெட்டிவிட்டு அங்கே வாகனத்துக்குக் கொட்டகை போடப் போகிறார் என்றபோதுதான் கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தேன். கொஞ்சம் சத்தமாகவே வைத்துவிட்டேன் போல. மாத்தயா பேச்சை நிறுத்திவிட்டு என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தார்.

பேராதனைக்கு மேலே, சரிவில் இருந்த வாடகை வீடு அது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அங்கேதான் இருந்தோம். கலகெதரையில் ஒரு துண்டுக் காணி வாங்கி, சின்னதாக ஒரு வீடும் முடியும் தறுவாயில் இருந்தது. ஆகவே போவதற்கு இடமில்லை என்று நான் ஒப்பாரி வைக்க முடியாது. எனக்குப் பின்பக்கம் சிவக்கச் சிவக்கக் காய்க்கும் அந்த ஜம்பு மரம்தான் பிரச்சினை.

எங்கள் முதல் பிள்ளை பெண். ஆஸ்பத்திரியில் பிறந்து, ஒரு வாரம்கூட இருக்காமல் அங்கேயே போய்விட்டாள். பொது மயானத்தில் அடக்கினோம். அடுத்த மழைக்கு அந்த மண் இறங்கிவிட்டது. பிறகு அதே இடத்தில் வேறு யாரையோ அடக்கியிருந்தார்கள். பிள்ளை போன அந்த வாரத்தில்தான் என் வீட்டுக்காரர் எங்கிருந்தோ ஒரு ஜம்புக் கன்றைக் கொண்டுவந்து பின்பக்கம் நட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் பிறந்து, அந்த மரத்தில் ஏறி விழுந்து, வளர்ந்து, வேலைக்கென்று கொழும்புக்கும் போய்விட்டார்கள். அவளுக்கென்று இந்த உலகத்தில் இருந்தது அந்த மரம் மட்டும்தான்.

மற்றச் செடிகளைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. வீட்டு முற்றத்தில் செடி வளர்த்து விற்கிறவள் நான். இஞ்சியையும் மஞ்சளையும் கிண்டி, மண்ணைத் தட்டிச் சாக்கில் போட்டால் போதும். மழை லில்லிக் குமிழ்களைக் காயவைத்து ஒரு கூடையில் அள்ளிக்கொள்ளலாம். கல்வாழைக் கிழங்கை லொறியில் தூக்கி எறிந்தாலும் போன இடத்தில் முளைக்கும். இதெல்லாம் உயிரை மண்ணுக்குள்ளேயே முடிந்து வைத்திருக்கிற சாதி. மரத்துக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

"கொட்டையைப் போட்டா முளைக்கப் போகுது. அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே?" என்றார் என் வீட்டுக்காரர்.

"கொட்டை போட்டா வர்றது இதோட பிள்ளைங்க. எனக்கு இதோட பிள்ளை வேணாம். இதேதான் வேணும்."

அவர் அலுமாரியைத் திறந்து பழைய பேனாக்கத்தியைத் தேடி எடுத்துத் தீட்டத் தொடங்கினார்.

பதி வைப்பது எனக்குக் கைவந்த வேலை. பென்சிலைவிடக் கொஞ்சம் தடித்த கிளையாகப் பார்த்து, ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து எடுக்க வேண்டும். உள்ளே வழவழவென்று இருப்பதைச் சுத்தமாகச் சுரண்டாவிட்டால் பட்டை மறுபடி கூடிவிடும், வேர் விடாது. பிறகு ஈரத் தேங்காய்த் தும்புத்தூளைப் பிழிந்து காயத்தைச் சுற்றிப் பிடித்து, பொலித்தீனால் இறுக்கிக் கட்ட வேண்டும். கிளை மரத்தில் இருந்தபடியே வேர் விடும். வேர் வந்ததும் கட்டுக்குக் கீழே வெட்டினால் கையில் இருப்பது கன்று அல்ல, அந்த மரமேதான். இரண்டு கிளைகளில் கட்டினேன்.

மூன்று வாரம் போனதும் குரங்குகள் வந்தன. மினுங்குகிற பொலித்தீனைக் கண்டால் அவற்றுக்குப் பொறுக்காதே! ஒரு கட்டைப் பிய்த்துத் தும்புத்தூளை முகர்ந்து பார்த்துவிட்டு, பிடிக்காமல், கிளையையே முறித்துப் போட்டுவிட்டன. நான் விளக்குமாற்றோடு ஓடிக் கத்திய கத்தல் கீழ் ரோட்டு வரைக்கும் கேட்டதாம். மிச்சம் இருந்தது ஒன்றுதான். அதையும் எறும்பு மொய்க்கத் தொடங்கியிருந்தது. புதிதாக இன்னொன்று கட்டினால் வீட்டை ஒப்படைப்பதற்குள் வேர் வராது. ஆகவே பழைய வேட்டியில் ஒரு துண்டைக் கிழித்து, கெட்டியாகக் கரைத்த மஞ்சள் தண்ணீரில் தோய்த்து, பொலித்தீன் மறைய அதன் மேல் கட்டிவிட்டேன். குரங்குக்கு மினுக்கம் தெரியாது, எறும்புக்கு மஞ்சள் ஆகாது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பார்த்தால் அதே கிளையில், என் கட்டுக்கு மேலே நுனிப்பக்கம், இன்னொரு மஞ்சள் துணி! சின்ன முடிச்சு. விரலால் அமுக்கிப் பார்த்தேன், உள்ளே காசு. மரத்தடியில் கற்பூரம் எரிந்த கரி, இரண்டு செவ்வரத்தம்பூ.

எவள் இந்த வேலை பார்த்தவள் என்று சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு புறப்பட்டேன். தேட வேண்டியிருக்கவில்லை. எங்கள் சுவரோடு ஒட்டிய அனெக்சில் குடியிருந்த பெண் கதவருகிலேயே நின்றாள். கம்பளைப் பக்கத்துப் பிள்ளை, கண்டியில் புடவைக் கடையில் வேலை. கல்யாணமாகி வருஷங்கள் ஆகியும் பிள்ளை இல்லை. மாமியார் போனில் கேட்கிற கேள்விகள் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்கும்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க," என்றாள் முந்திக்கொண்டு. "நீங்க நேர்ந்து கட்டியிருந்ததப் பார்த்துட்டுத்தான் நானும் கட்டினேன். நீங்க காலையில போய்ப் போய்த் தொட்டுப் பாக்குறத ஜன்னலால பாத்திருக்கேன். எந்தச் சாமிக்கு அக்கா? கேட்டாப் பலிக்காதோன்னு கேக்கல."

என் வாய்க்குப் பயந்து மீன்காரன்கூட எனக்குத் தராசைக் கண்ணுக்கு நேரே பிடித்துக் காட்டுவான். அந்த வாய் அன்றைக்கு அடைத்துக்கொண்டது. அடி பைத்தியமே, அது தும்புத்தூள் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அவள் கண்ணைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது. "சரி, சரி, முடிச்சு இறுகிடாமப் பாத்துக்கோ," என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பூ வைத்தாள். மரத்தடியில் செம்பு நிறையத் தண்ணீர் ஊற்றினாள். அந்தத் தண்ணீருக்கு நான் குறை சொல்ல முடியாது.

வீடு மாறும் நாள் வந்தது. மஞ்சள் துணியை விலக்கிப் பார்த்தேன். பொலித்தீனுக்குள் வெள்ளை வேர்கள் ஓடியிருந்தன. சிலது பழுப்பு நிறமாகவும் திரும்பியிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் இவ்வளவு வேரை நம்பி அந்த முழுக் கிளையும் பிழைக்காது. நுனியைக் கழித்து, இலைகளையும் பாதிக்கு மேல் எடுத்தால்தான் தாங்கும். அந்த நுனியில்தான் அவளுடைய முடிச்சு இருந்தது.

"வெட்டு, லொறி நிக்குது," என்றார் என் வீட்டுக்காரர்.

மரம் அறுக்கிற வாளைக் கையில் வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன். உள்ளதைச் சொன்னேன். இது நேர்த்தி இல்லை, பதி. மரத்தை வெட்டப் போகிறார்கள், இதைக் கொண்டுபோய் நடப் போகிறேன், என்றேன்.

"அப்ப இத்தன நாளும் நான் கும்பிட்டது தும்புத்தூளையா?" என்றாள். சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "கண்டி மார்க்கட்டுல குவிச்சு வச்சிருக்கிற ஜம்புக்கா அக்கா இவ்வளவு பாடு?"

அப்போதுதான் பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். வெளியாள் ஒருத்திக்கு அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் எட்டித் தன் முடிச்சில் கைவைத்தாள்.

"காரியம் ஆகாம அவிழ்க்கக் கூடாதுன்னு சொல்லுவாங்க," என்றாள் மெதுவாக. "பரவாயில்லக்கா. உங்க பிள்ள முக்கியம்."

முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். எனக்கு வந்ததே கோபம்! அவள் மேலா, என் மேலா, அந்த மாமியார் மேலா தெரியாது. "கையை எடு. அதுவும் வரட்டும்," என்று அதட்டினேன். கட்டுக்குக் கீழே வாளை வைத்து அறுத்தேன். நுனியைக் கழிக்கவில்லை. இலைகளை மட்டும் முடிந்த அளவு கிள்ளினேன்.

"உனக்கென்ன பைத்தியமா? இது பிழைக்காது," என்றார் என் வீட்டுக்காரர் லொறியில். அந்த மரமேதான் வேண்டும் என்று அவ்வளவு குதித்தவள் அதை இப்படிப் பணயம் வைத்துவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். கலகெதரை வரைக்கும் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு போனேன்.

கலகெதரையில் வெயில் கூடுதல். நட்ட கொஞ்ச நாளில் மிச்ச இலைகளும் உதிர்ந்தன. ஈரச் சாக்கால் நிழல் கட்டினேன். காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். வெறும் குச்சி, அதில் வெளிறிப்போன ஒரு மஞ்சள் முடிச்சு. அவள் அடிக்கடி போன் எடுத்து, "துளிர் வந்துச்சாக்கா?" என்று கேட்பாள். "வரல" என்று வெடுக்கென்று வைத்துவிடுவேன். இஞ்சி முளைத்தது, மஞ்சள் முளைத்தது, கல்வாழை பூவே விட்டுவிட்டது. அந்த வெட்கங்கெட்ட கல்வாழையைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

மழை பிடித்த பிறகு ஒரு காலையில் முடிச்சுக்குப் பக்கத்துக் கணுவில் செம்பு நிறத்தில் ஏதோ தெரிந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தேன். துளிர்தான். "என்னங்க!" என்று கத்தினேன். அவர் வந்து குனிந்து பார்த்துவிட்டு, வெகுநேரம் நிமிரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் கண்டியிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். கதிரை போட்டும் உட்காராமல் நேரே கன்றடிக்குப் போனாள். தன் முடிச்சை அவள் தொடவில்லை. துளிரைத்தான் விரல் நுனியால் தொட்டாள்.

"அக்கா, பிள்ளைக்கு என்ன பேரு?" என்றாள்.

இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. முப்பத்தோராம் நாள்தான் பேர் வைப்பார்கள், அவள் அதுவரைக்கும் இருக்கவில்லை. பேர் வைக்கவில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் வயிற்றில் இருந்தபோதே அவளை நான் ஒரு பேர் சொல்லி மனதுக்குள் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னேன்.

வேலியோரம் மண் வெட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. என் வீட்டுக்காரர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு எங்களிடம் வந்தார்.

"என்ன பேரு சொன்னே?" என்றார். "இன்னொருக்கா சொல்லு."

சொன்னேன்.