கேட் நோட்டில் நான் போட்ட கட்டங்கள்

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். முப்பத்தோரு வருடம் கெமிஸ்ட்ரி டீச்சராக இருந்ததில் அதுவே தொழிலாகவும் ஆகிவிட்டது. பரீட்சை ஹாலில் நுழைந்ததுமே எந்த பெஞ்சில் பிட்டு இருக்கிறது என்று எனக்கு மூக்கு வியர்க்கும். குனிந்து உட்கார்ந்திருப்பவளை நான் கண்டுகொள்ளவே மாட்டேன். ரொம்ப நிமிர்ந்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பவளிடம்தான் நேராகப் போவேன். அவளுடைய ரிப்பனிலோ ஜியாமெட்ரி பாக்ஸின் அடியிலோ அது இருக்கும். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்.

ரிட்டயர் ஆன பிறகு இந்தத் திறமையை எங்கே காட்டுவது? ராஜா அண்ணாமலைபுரத்தில் நாங்கள் இருக்கும் அபார்ட்மெண்டில் பன்னிரண்டு வீடுகள். அசோசியேஷன் செக்ரட்டரி ஆக யாரும் முன்வரவில்லை, நான் கை தூக்கினேன். தண்ணீர் லாரி, லிஃப்ட் ரிப்பேர், மொட்டை மாடியில் யார் வடகம் காயவைப்பது என்ற சண்டை, எல்லாம் என் தலையில்.

அந்த வருடம்தான் மூன்றாம் மாடி வீட்டுக்கு ஒரு வெளிநாட்டுப் பெண்மணி குடிவந்தாள். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், ஏஜெண்ட் மூலம் ஆறு மாதத்துக்கு விட்டுவிட்டார். நாற்பது வயதிருக்கும், ஒல்லியான உடம்பு, பருத்திப் புடவையைக் கன்னாபின்னாவென்று சுற்றிக்கொண்டு போவாள். என்ன வேலை என்று லிஃப்டில் கேட்டேன். "ஆராய்ச்சி" என்றாள். எதைப் பற்றி என்றேன். "மனிதர்களைப் பற்றி" என்று சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

ஒரே வாரத்தில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். செவ்வாயும் வெள்ளியும், ஒவ்வொருவராக. மேலே போனால் இரண்டு மூன்று மணி நேரம். இறங்கும்போது முகம் வீங்கியிருக்கும். தி.நகரிலிருந்து ஓர் இளம்பெண்ணும் தவறாமல் வருவாள். அவள் மொழிபெயர்க்க வருகிறாள் என்று பிறகுதான் தெரிந்தது. மதம் மாற்றுகிறார்களா, கிட்னி வாங்குகிறார்களா, வெளிநாடு அனுப்புகிறேன் என்று ஏமாற்றுகிறார்களா? நான் எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்தேன். வாட்ச்மேனைக் கேட்டேன்.

"இன்னான்னு தெர்ல டீச்சரம்மா. ஆள் வந்துகினே கீது. போறப்போ எல்லாம் அழுதுகினே போவுது" என்றார் அவர்.

அன்று சாயங்காலமே லஸ்ஸுக்குப் போய் லாங் சைஸ் நோட்டு ஒன்று வாங்கினேன். வருகிறவர்கள் எழுதும் பழைய கேட் நோட்டில் பெயரும் வீட்டு நம்பரும் மட்டும்தான், அதுவும் கிறுக்கல். நான் ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் ஒன்பது கட்டம் போட்டேன். தேதி, பெயர், சொந்த ஊர், யாரைப் பார்க்க, என்ன நோக்கம், போன் நம்பர், வந்த நேரம், போன நேரம், கையெழுத்து. ஒரு கட்டமும் காலியாக இருக்கக் கூடாது என்று உத்தரவு போட்டேன்.

"இன்னாமா இது, வரவன்கிட்ட ஜாதகமா கேட்டுகினு இருக்கறது?" என்று வாட்ச்மேன் முணுமுணுத்தார். கூரியர்காரன் சொந்த ஊர் திண்டிவனம் என்று எழுதிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் சட்டை செய்யவில்லை. மூன்றாம் மாடிக்கு வருகிறவர்களுக்காகத்தான் அந்த நோட்டு என்பது எனக்கும் வாட்ச்மேனுக்கும் தெரியும்.

பாலவாக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தபோது நானே கேட்டில் நின்றிருந்தேன். நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் பெரிய துணிப்பை. அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம். திறக்கச் சொன்னேன். உள்ளே பிளவுஸ் துணிகள், தி.நகரில் ஒரு கடைக்குத் தைத்துக் கொடுக்கிறாளாம். பேச்சிலேயே இலங்கைக்காரி என்று தெரிந்துவிட்டது.

பேனாவை வாங்கிப் பெயர் எழுதினாள். 'சொந்த ஊர்' கட்டத்துக்கு வந்ததும் கை நின்றது.

"அக்கா, இஞ்ச பாலவாக்கம் எண்டு எழுதட்டோ?"

"அது நீ இருக்கிற இடம். நான் கேட்டது சொந்த ஊர்."

மறுபடி தயங்கினாள். எனக்கு அது போதும். பரீட்சை ஹாலில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். "எழுதும்மா, மறைக்க என்ன இருக்கு?" என்றேன். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு சின்ன ஊரின் பெயரை எழுதினாள். நோக்கம் என்ற இடத்தில் 'சந்திக்க' என்று போட்டாள். அதையும் நான் விடவில்லை. சந்திப்பதற்கு ஒரு காரணம் இருக்குமே என்றேன். அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, அந்தச் சின்னக் கட்டத்துக்குள் நுணுக்கி எழுதினாள்: 'என்ர மனுசன் காணாமல் போன விசயம் கதைக்க.'

புருஷன் காணாமல் போனவள் என்று படித்ததும் எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. சங்கடத்தை விடவும், விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற திருப்திதான் அதிகம் இருந்தது. அதை இப்போது ஒளிக்க விரும்பவில்லை.

மறுநாள் நேரே மேலே போய் அந்த வெளிநாட்டுக்காரியிடமே கேட்டேன். அவள் எதையும் மறைக்கவில்லை. இலங்கையில் புதிய அரசு வந்திருக்கிறது, சட்டங்களை மாற்றப்போகிறோம், எல்லோருக்கும் நியாயம் கிடைக்கும் என்கிறார்கள். வெளி உலகம் அதைக் கவனித்துக்கொண்டிருக்கிறது. சொன்னதைச் செய்கிறார்களா என்று பார்க்க, பழைய போரில் காணாமல் போனவர்களின் குடும்பங்கள் சொல்வதை எழுதி வைக்கிறோம் என்றாள். சென்னையில் இருக்கும் குடும்பங்களைச் சந்திப்பது அவள் பொறுப்பு.

"உங்களுக்கு இதில் என்ன லாபம்?" என்றேன்.

"சம்பளம் வருகிறது" என்றாள், முகம் சிவக்காமல்.

நான் நம்பவில்லை. மாறிவிட்டோம் என்று சொல்லும் அரசையும் நம்பவில்லை, மாறினார்களா என்று எட்டிப் பார்க்கும் வெளிநாட்டுக்காரர்களையும் நம்பவில்லை. ஊரான் வீட்டுத் துக்கத்தை ஃபைல் போட்டு எங்கேயோ ஏசி ஹாலில் வாசிப்பார்கள், டீ குடிப்பார்கள், கலைந்துபோவார்கள் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உனக்கு யாரைத்தான் பிடிக்கும்?" என்று கேட்டுவிட்டு அவர் பேப்பரைத் திருப்பினார்.

யாரையும் நம்பாத நான் ஒரே ஓர் ஆளை நம்பினேன்.

ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, பாலிஷ் போட்ட ஷூ, நல்ல தமிழ். கழுத்தில் அட்டை தொங்கியது. வெளிநாட்டவர் தங்கியிருக்கும் வீடுகளை வெரிஃபிகேஷன் செய்கிறோம் மேடம், செக்ரட்டரி நீங்கள்தானே என்றான். அட்டையை ஒரு விநாடி தூக்கிக் காட்டினான். பிள்ளைகளின் சாக்ஸுக்குள் கைவிட்டுப் பார்த்த நான், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை. ஏனென்றால் அதற்குள் அவன் கேட் நோட்டைப் புரட்ட ஆரம்பித்து, "இவ்வளவு நீட்டா யாருமே மெயின்டெயின் பண்றதில்லை மேடம். உங்களை மாதிரி எல்லா அபார்ட்மெண்ட்லயும் ஒருத்தர் இருந்தா எங்க வேலை பாதியாயிடும்" என்றான்.

உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தேன். அவன் டைனிங் டேபிளில் நோட்டை விரித்து, தன் செல்போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்தான். ஒரு பக்கம் நிழல் விழுந்தது. நானே எழுந்து ட்யூப்லைட்டைப் போட்டேன்.

பத்து நாள் கழித்து அந்தப் பாலவாக்கத்துப் பெண் வந்தாள். அன்று துணிப்பை இல்லை. நோட்டைத் தொடாமல் விறுவிறுவென்று மாடி ஏறினாள். வாட்ச்மேன் கூப்பிட்டும் நிற்கவில்லை என்பதால் நான் பின்னாலேயே போனேன். கதவு திறந்தே கிடந்தது. நின்றபடியே பேசிக்கொண்டிருந்தாள். ஊரில் அவளுடைய தம்பி சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். அங்கே இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். யார் என்று சொல்லவில்லை. உன் அக்கா சென்னையில் எந்த வீட்டுக்கு, என்றைக்கு, எத்தனை மணிக்குப் போனாள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"நான் சொன்னதை அப்படியே வாசிச்சுக் காட்டினவையாம். 'என்ர மனுசன் காணாமல் போன விசயம்' எண்டு. தம்பிக்கு ரெண்டு சின்னப் பிள்ளையள் இருக்கு. எனக்கு ஒண்டும் வேண்டாம். நான் சொன்னதெல்லாத்தையும் அழிச்சுப் போடுங்கோ" என்றாள்.

அந்த வரி எங்கே எழுதப்பட்டது, எந்தக் கட்டத்தில், எந்த வெளிச்சத்தில் படம் எடுக்கப்பட்டது எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அந்த அறையில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. முன்பு வந்தபோது அவள் இங்கே இதையேதான் வாயாலும் சொல்லியிருந்தாள். அதனால் அவளும் வெளிநாட்டுக்காரியும் பார்த்தது மொழிபெயர்க்க வந்த தி.நகர் பெண்ணை. அந்தப் பெண்ணின் முகம் வெளிறிப்போனது. "நான் யார்கிட்டயும் சொல்லலைங்க" என்றாள். குரல் நடுங்கியது. குரல் நடுங்கினால் குற்றவாளி என்றுதான் நானே இத்தனை வருடம் முடிவு கட்டியிருக்கிறேன்.

மறுநாள் அந்தத் தி.நகர் பெண்ணை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். தன் டிக்‌ஷனரியையும் டிபன் பாக்ஸையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். நான் என் வீட்டு வாசலில்தான் நின்றிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உள்ளே போய் ரசத்துக்குத் தக்காளி நறுக்கினேன்.

அன்று மத்தியானம் இன்னொன்றும் செய்தேன். நோட்டில் மூன்றாம் மாடிக்கு வந்தவர்களின் பக்கங்களைக் கிழித்து பக்கெட் தண்ணீரில் ஊறப்போட்டேன். மை கரைந்ததும் பிசைந்து உருண்டையாக்கிக் குப்பையில் போட்டேன். பிடிபட்ட பிட்டுகளை இப்படித்தான் ஸ்டாஃப் ரூமில் அழிப்போம். அவர்களைக் காப்பாற்றத்தான் செய்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். யாரைக் காப்பாற்ற என்று இப்போது தெரிகிறது.

மூன்று வாரம் மூன்றாம் மாடிக்கு ஒருவரும் வரவில்லை. பால்காரனைக்கூட நான் சந்தேகமாகப் பார்த்தேன். போன் அடித்தால் எடுக்கப் பயம். அமெரிக்காவில் என் மகனுக்கு விசா புதுப்பிக்க வேண்டிய சமயம், எனக்கு எதற்கு இந்த வம்பு என்று ஒரு பக்கம் மனசு அடித்துக்கொண்டது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அவள் மறுபடி வந்தாள். கையில் அதே துணிப்பை. என்னைப் பார்த்ததும் கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள்.

"தம்பியே சொல்லிப்போட்டான் அக்கா. அவைக்குத் தெரிஞ்சுபோச்சு, இனி மறைச்சு என்ன, நீ போய்ச் சொல்லு எண்டு. நான் குடுத்த வாக்குமூலம் அப்படியே நிக்கட்டும் எண்டு சொல்ல வந்தனான்." பையை மறு கைக்கு மாற்றினாள். "அந்த வெள்ளைக்கார அம்மாவோட போனில கதைச்சனான். தம்பியை வெருட்டினதையும் எழுதலாமாம். அவை வாசிச்ச வரி எங்கையிருந்து போனது எண்டதுக்கு ஏதும் அத்தாட்சி வேணுமாம். யோசிச்சுப் பார்த்தன். நான் அதை உங்கட கொப்பியிலதான் எழுதினனான். அந்தப் பக்கத்தை ஒருக்கால் தாங்கோ."

பொய் சொல்ல இரண்டு வழி மனதில் வந்தது. நோட்டு தொலைந்துவிட்டது, கரையான் அரித்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நிமிர்ந்து நிற்கிறேன் என்பது எனக்கே உறைத்தது.

சொல்லிவிட்டேன். படம் எடுக்க விட்டது நான்தான், காபி கொடுத்தது நான்தான், கிழித்ததும் நான்தான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். வாட்ச்மேன் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கிழிச்சுப்போட்டீங்களோ" என்று மட்டும் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"அண்டைக்கு ஆமிக்காரர் என்ர மனுசனை பஸ்ஸில ஏத்தேக்க நானும் பக்கத்தில நிண்டனான் அக்கா. பேரை எழுதுங்கோ, பேரை எழுதுங்கோ எண்டு கெஞ்சினனான். ஒருத்தரும் எழுதேல்லை. எழுதியிருந்தா, ஏத்தினதுக்கு ஒரு அத்தாட்சியாவது இருந்திருக்கும். உங்கட கொப்பியில பேர், ஊர், நேரம் எல்லாம் இருந்தது. எனக்குப் பயமாத்தான் இருந்தது. எண்டாலும் ஒரு இடத்திலயாவது எழுதிக்கிடக்குது எண்டு நினைச்சன்."

எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு எதிரில் அழ எனக்கு உரிமை இல்லை என்றும் தெரிந்தது.

மேலே போய் நான் சொன்னால், அந்தப் பக்கத்துக்குப் பதிலாக அது நிற்குமா என்று கேட்டேன். "எனக்குத் தெரியாது. கேட்டுப் பாருங்கோ" என்றாள். என்னை நம்பிச் சொன்னதாகத் தெரியவில்லை. நம்ப வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை. முதலில் அந்தத் தி.நகர் பெண்ணைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கச் சொன்னாள். அது மட்டும் உத்தரவு மாதிரி இருந்தது. அவள் கொடுத்த நம்பருக்கு அங்கேயே நின்று போன் செய்தேன். அந்தப் பெண் முழுவதையும் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

பிறகு வாட்ச்மேனிடம் நோட்டைக் கேட்டேன்.

"உங்களுக்கு இன்னாத்துக்குமா? நீங்க இங்க கீறவங்கதானே" என்றார்.

வாங்கிப் புதுப் பக்கம் பிரித்தேன். தேதி போட்டேன். என் பெயரை எழுத வேண்டிய கட்டத்தில் பேனா நின்றது. மகனின் விசா, இஸ்திரி போட்ட அந்தச் சட்டை, இந்தப் பக்கத்தை நாளைக்கு யார் புரட்டுவார்கள் என்பது, எல்லாம் ஒரே சமயத்தில் வந்தது. பக்கத்தில் அவள் நின்றிருந்தாள். எழுதும்மா, மறைக்க என்ன இருக்கு என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, காத்திருந்தாள்.

என் பெயரையும் ஊரையும், யாரைப் பார்க்க என்ற இடத்தில் மூன்றாம் மாடி என்றும் எழுதினேன். நோக்கம் என்ற கட்டம் மிகச் சின்னதாக இருந்தது. கோடு போட்டபோது எனக்கு அது தெரியவில்லை.