போட்டோவுக்காகப் பற்றவைத்த அடுப்பு

வாணலியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. பஜ்ஜி போடுவதற்கல்ல, போட்டோ எடுப்பதற்கு. பெருந்தொற்றின் முதல் வருடத்தை நினைத்தால் எனக்கு மயிலாப்பூர் மாட வீதி முனையில் நின்ற அந்தத் தள்ளுவண்டியும், அதன் பின்னால் முகக்கவசத்தைச் சரிசெய்தபடி தெருக்கோடியையே பார்த்துக்கொண்டிருந்த பஜ்ஜிக்கடை அக்காவும்தான் முதலில் தெரிகிறார்கள்.

அப்போது நான் பக்கத்து வங்கிக் கிளையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். தெருவோர வியாபாரிகளுக்கு அரசு பத்தாயிரம் ரூபாய் கடன் அறிவித்திருந்தது. மனுக்களைச் சரிபார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. அக்காவிடம் மாநகராட்சி கொடுத்த வியாபாரி கார்டு இருந்தது, வியாபாரம்தான் இல்லை. சாலையோரம் அடுப்பு மூட்டப் போலீஸ் விடவில்லை. கணவரின் ஆட்டோவும் மாதக்கணக்கில் நின்றுவிட்டது. வாடகை பாக்கி ஏற ஏற, சாமான்களைத் தெருவில் வைத்துவிடுவேன் என்று வீட்டு உரிமையாளர் சொல்லிவிட்டிருந்தார். தார்ப்பாய் மூடிய வண்டியைப் படம் எடுத்து நான் கொண்டுபோனதை எங்கள் மேலாளர் திருப்பிவிட்டார். தொழில் நடப்பது படத்தில் தெரிய வேண்டுமாம். அன்று மாலைக்குள் வேறு படம் வராவிட்டால் மனு தள்ளுபடி.

அதைப் போய்ச் சொன்னபோது அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா மேடம் இது? கடை போட்டா தூக்குவேன்றான் போலீசு. கடை போட்டாத்தான் துட்டுன்றீங்க நீங்க. நான் இன்னாதான் பண்ணட்டும்?"

நான் மணியைப் பார்த்தேன். அவரே சற்று யோசித்து, "சரி, சட்டுனு எடுத்துக்க" என்று தார்ப்பாயை உருவி, அடுப்பைப் பற்றவைத்து, வாணலியில் எண்ணெய் ஊற்றிக் காயவிட்டார்.

நான் செல்போனைத் தூக்கவும் ஜீப் வரவும் சரியாக இருந்தது. பின்னாலேயே ஒரு லாரி. அதில் ஏற்கெனவே யாருடைய வண்டியோ சக்கரம் மேலே தெரியக் கவிழ்ந்து கிடந்தது. எஸ்.ஐ. இறங்கி, "ஏத்துங்கய்யா" என்றார். இரண்டு பேர் வண்டியைப் பிடித்தார்கள். வாணலி ஆடியது. அக்கா இரண்டு கைகளாலும் வண்டியின் விளிம்பைப் பற்றிக்கொண்டார்.

"காஞ்ச எண்ணெ சார். என்னியும் சேத்துத் தூக்குறதுன்னா தூக்கு."

பிடித்தவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். நான் கழுத்திலிருந்த அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நடுவில் போய் நின்றேன். "சார், நான் பேங்க்ல இருந்து வரேன். அடுப்பு பத்த வைக்கச் சொன்னது நான்தான். கவர்மென்ட் லோனுக்கு போட்டோ வேணும்."

"உங்க பேங்க் சொன்னா கொரோனா ஒதுங்கிப் போயிடுமாம்மா?" என்று சீறினார் அவர். அக்கா இடுப்புப் பையிலிருந்து தன் கார்டை எடுத்து நீட்டினார். அதை அவர் வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "எடுத்துத் தொலைங்க" என்றார். எடுத்தேன். அடுத்த நொடி, "சிலிண்டரை மட்டும் ஏத்து" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது.

லாரி போன பிறகு அக்கா என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "படம் நல்லா வந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

கடன் வந்தது. பெரும்பகுதி வாடகைக்கே போனது. மீதியில் பழைய சிலிண்டர் ஒன்றும் கடலை மாவும் வாங்கினார். அந்தப் பணம் அவரைக் கரை சேர்த்தது என்று சொல்ல மாட்டேன். சாமான்கள் தெருவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். ஊரடங்குத் தளர்வு வந்ததும் கடை போட்டார், தவணை தவறாமல் கட்டினார், அடுத்த கடனும் வாங்கினார்.

சென்ற வாரம் அந்தப் பக்கம் போயிருந்தேன். நல்ல கூட்டம். பேசிக்கொண்டே வாழைக்காயை மாவில் தோய்த்தவர் சட்டென்று நிறுத்தினார். வீதி முனையில் போலீஸ் ஜீப். அடுப்பை அணைத்து, மாவுக் கையோடு வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"அதான் கார்டு இருக்கே அக்கா, இன்னும் என்ன பயம்?" என்றேன்.

ஜீப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "அன்னிக்குந்தாம்மா இருந்துச்சு."