பானையில் ஒரு குரல், டின்னில் ஒரு குரல்

முன்னறையிலிருந்து அந்த உறுமல் கேட்டபோது பிரான்சிஸ் சமையலறையில் மீன் அலசிக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றுவிட்டது. பதினேழு வருஷத்துக்கு முந்தி அவர் தொண்டையிலிருந்து வந்த உறுமல் அது. பானைக்குள் உறுமியதல்ல, டின்னுக்குள் உறுமியது என்பதும் கேட்டவுடனே தெரிந்தது.

வந்திருந்தவன் பாலசந்தர். பர்மாவில் அவர்கள் வசிக்கும் பசுந்தாங் பேட்டையிலேயே சிடி கடை வைத்திருப்பவன்; அப்பன் தமிழன், அம்மா பர்மாக்காரி. அவன் கொண்டுவந்த வட்டு தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்தது. பிரான்சிஸ் ஈரக்கையோடு வந்து நின்றார். திரையில் ராட்சத அலுங்கு ஒன்று, மலையளவு எறும்புதின்னி, வெள்ளத்தில் நடந்து வந்தது. அடுத்த காட்சியில் அலோனில் அரிசிக் கிடங்கு வைத்திருக்கும் முதலாளி கழுத்தில் மாலையோடு புயலில் தப்பியவர்களுக்கு அரிசி மூட்டை கொடுத்துக்கொண்டிருந்தார். மறுபடி அலுங்கு. மறுபடி முதலாளி. இரண்டுக்கும் சேர்த்து ஒரே உறுமல்.

பிரான்சிஸ் ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அந்த அலுங்கின் கதையும் அவர் கதையும் ஒன்றுதான். மிஷன் பள்ளியில் படித்து, கப்பல் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவர். எண்பத்தெட்டில் மாணவர் போராட்டத்தில் ஊர் கலங்கியபோது ஆபீஸ் கதவு சாத்தியது சாத்தியதுதான். தெரு முனையில் ஒரு வீடியோ கொட்டகை வந்தது. உதுமான் என்ற கப்பல்காரர் கொண்டுவந்து கொடுத்த ஜப்பான் அலுங்குப் பட நாடாக்களை அங்கே போட்டார்கள். பாஷை ஒருவருக்கும் புரியாது. பிரான்சிஸ் மைக்கைப் பிடித்துத் தாமே கதை கட்டிப் பர்மிய மொழியில் சொல்ல ஆரம்பித்தார். அலுங்குக்குக் குரல் வேண்டுமே. காலி மண்பானைக்குள் முகத்தை நுழைத்து உறுமினார். கொட்டகை அதிர்ந்தது. செதில் உடம்பைச் சுருட்டி, குழந்தைகளை நடுவில் வைத்து, மேலே விழும் நெருப்பையெல்லாம் முதுகில் வாங்கும் அந்தப் பிராணிக்குப் பிள்ளைகள் 'பாஜி' என்று பேர் வைத்தார்கள். பர்மியத்தில் பெரியப்பா என்று அர்த்தம். "பயப்படாதே, நான் இருக்கேன்" என்று பானைக்குள்ளிருந்து பாஜி சொன்னால், அந்த வருஷங்களில் பயப்படக் காரணம் நிறைய இருந்த பெரியவர்களும் மூக்கை உறிஞ்சினார்கள்.

பிறகுதான் அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் வந்தது. அதிலும் அதே அலுங்கு. ஆனால் ஊரை மிதித்தது, ரயிலைக் கடித்துத் துப்பியது. முன்வரிசைப் பிள்ளைகள் ஓவென்று அழுதார்கள். பிரான்சிஸ் பதறிப்போய், பக்கத்தில் கிடந்த எண்ணெய் டின்னை எடுத்து அதற்குள் உறுமி, "இது பாஜி இல்லை, பாஜியோட கெட்ட அண்ணன்" என்று சொல்லிவிட்டார். அழுகை நின்றது. அன்று முதல் நல்லவனுக்குப் பானை, அண்ணனுக்கு டின்.

அந்தக் கறுப்பு வெள்ளைதான் முதல் படமென்று உதுமான் ஒரு ஜப்பான் பத்திரிகையை யாரையோ கொண்டு படிக்கச் சொல்லி, வெகுகாலம் கழித்து வந்து சொன்னார். ஊரை அழிக்கப் படைத்த பிராணியாம் அது. ஜப்பான் பிள்ளைகள் அதன்மேல் ஆசைப்பட்டுக் கடிதம் கடிதமாக எழுதியதில் கம்பெனிக்காரர்கள் இரண்டாம் படத்தில் அதை நல்லதாக்கினார்களாம். கடைசியில் கையில் காசு வற்றி, பழைய காட்சிகளையே வெட்டி ஒட்டிப் படம் என்று விட்டார்களாம். உதுமான் நாடாக்களை முன்பின்னாகக் கொடுத்ததால் பசுந்தாங்குக்கு மட்டும் ஓர் அண்ணன் பிறந்துவிட்டான். பிரான்சிஸ் தப்பைத் திருத்தவில்லை. பாஜி ஒருநாளும் கெட்டவனாக இருந்ததில்லை என்று நம்பி வளர்ந்த பிள்ளைகளிடம் எப்படிப் போய்ச் சொல்வது?

இப்போது வட்டு முடிந்தது. பாலசந்தர் விஷயத்துக்கு வந்தான். உறுமல், கொட்டகையில் அந்த நாளில் யாரோ பதிவுசெய்து வைத்த பழைய நாடாவிலிருந்து வெட்டியது. முதலாளியின் இந்த விளம்பரத்துக்கு ஒரு வசனம் மட்டும் பாக்கி. பாஜி குரலில் அதே பழைய வாக்கியம், கடைசியில் முதலாளியின் பேர். அதற்குப் பதிலாக அவர்கள் மகள் ஜெசிக்கு முதலாளி ஆபீஸில் நாற்காலி தயார். பட்டம் வாங்கி இரண்டு வருஷமாக வீட்டிலிருக்கும் பெண். தங்கம்மாள் கணவர் முகத்தையே பார்த்தாள்.

பிரான்சிஸ் மூக்கில் புயலடித்த தன்லியின் என்ற ஊரின் நாற்றம் வந்து ஏறியது. புயல் முடிந்த பத்தாம் நாள் சர்ச் ஆட்களோடு அவரும் தங்கம்மாளும் அங்கே போயிருந்தார்கள். இதே முதலாளியின் அன்னப்பறவை முத்திரை போட்ட மூட்டைகளைப் பிரித்தபோது அரிசி பழுப்பாய்க் கட்டி தட்டியிருந்தது, புழு நெளிந்தது. வேறு இல்லையே என்று தங்கம்மாள்தான் ஏழு தண்ணீரில் கழுவிப் பொங்கினாள். கொதி வந்ததும் எழுந்த நாற்றத்தில் வரிசையில் நின்ற ஒரு பிள்ளை வாந்தியெடுத்து, வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி தட்டை நீட்டியது.

"முடியாது, பாலா," என்றார்.

பாலசந்தர் சிரித்தான். "அண்ணே, ரப்பர் உடுப்புக்குள்ள எவனோ ஜப்பான்காரன் வேர்த்து ஊத்திட்டு நடக்குறான். அதுக்குப் போயி மானம் ரோஷமா?"

"அந்த உடுப்புக்குள்ள மனுஷன் இருக்கான். உன் முதலாளி உடுப்புக்குள்ள என்ன இருக்கு?"

அவன் முகம் சுருங்கியது. பிரான்சிஸ் வட்டை வெளியே எடுத்து அவன் கையில் வைத்தார்.

"நீ வெட்டினது பானைக் குரல் இல்ல, டின் குரல். ஊரை மிதிச்சானே, அந்த அண்ணன். இந்தத் தெருவுல வளர்ந்த புள்ளைக ஒவ்வொண்ணுக்கும் வித்தியாசம் தெரியும். அப்படியே போடு. உன் முதலாளிக்குப் பொருத்தமான குரல் அதுதான்."

பாலசந்தர் தங்கம்மாள் பக்கம் திரும்பினான். "மதினி, நீங்களாச்சும் சொல்லுங்க. ஜெசிய நெனச்சுப் பாருங்க."

தங்கம்மாள், அவன் அன்பளிப்பாக மேசையில் வைத்திருந்த சின்ன அரிசிப் பையை எடுத்தாள். அதே அன்ன முத்திரை. வாயைப் பிரித்து ஒரு பிடி அள்ளி முகர்ந்தாள். வெள்ளை வெளேரென்ற புத்தரிசி. மணம் அறையெல்லாம் பரவியது. அவள் கண் கலங்கியதைப் பார்த்து, மனம் இளகிவிட்டாள் என்று பாலசந்தர் நினைத்துக்கொண்டான்.

"நல்ல அரிசியும் வச்சிருந்திருக்கான், பாவி," என்றாள்.

பிடியைப் பையிலேயே கொட்டி, ஒரு மணி ஒட்டாமல் உள்ளங்கையைச் சேலையில் துடைத்தாள். பையை அவன் கையில் திணித்து, அவன் செருப்பை மாட்டும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் படியிறங்கியதும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.