மழைநீர்க் குழாய் வாயில் உட்கார்ந்த தக்காளி

கட்டட வரைபடங்களைச் சரிபார்த்து அனுமதி கொடுக்கும் பிரிவில் வேலை பார்த்தவன் நான். மொட்டை மாடித் தண்ணீர் இறங்க வழி காட்டாத வரைபடம் எதுவும் என் மேசையைத் தாண்டியதில்லை. ஓய்வு பெற்றபின் முத்தியால்பேட்டை வீட்டு மாடியில் தக்காளி வளர்க்க முடிவு செய்தபோதும் முறைப்படிதான் இறங்கினேன். துணிப் பையில் வைத்தால் வேருக்குக் காற்று கிடைக்கும் என்று படித்து, சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று அளவில் வாங்கினேன்.

சிறிய பையின் யோக்கியதை முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. காலையில் எவ்வளவு ஊற்றினாலும் கடற்காற்றில் மதியமே காய்ந்துவிடும். செடி தலையைத் தொங்கப்போட்டு நிற்கும். வெயிலில் மறுபடி மாடிப்படி ஏற வேண்டும். நடுத்தரப் பை நிறையப் பூத்தது, பூத்ததையெல்லாம் உதிர்த்தது. பெரிய பை மட்டும்தான் உருப்பட்டது. கார்த்திகை பிறந்தபோது கொத்துக் கொத்தாகக் காய். என் மனைவி தினமும் காலையில் அவற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவாள். இனிமேல் கடைத் தக்காளியே வாங்கப்போவதில்லை என்று அதே மாடிக்குக் கீழே வீட்டின் மறுபாதியில் இருக்கும் என் தங்கையிடம் சொல்லியும் விட்டாள்.

அந்தப் பையை யோசித்துத்தான் வைத்திருந்தேன். துணியில் கசியும் நீர் தளத்தில் தேங்கக் கூடாதென்று, மூலையில் மழைநீர்க் குழாயின் வாயை ஒட்டி வைத்தேன். நனைய நனையப் பை வயிறு தள்ளி உட்கார்ந்து, அந்த வாயையே மூடிக்கொண்டதை மட்டும் கவனிக்கவில்லை.

புயல் மழை பிடித்த அன்று மாடியில் கணுக்காலளவு தண்ணீர். கீழேயிருந்து தங்கை கத்தினாள்.

"அண்ணே, சீலிங்கு ஒழுகுது! கட்டிலெல்லாம் நனையுது! ஊரான் வீட்டுக்கெல்லாம் குத்தம் சொன்னியே, உன் வீட்டுத் தண்ணி எங்க போவுதுன்னு பாத்தியா?"

நானும் மனைவியும் பையின் கைப்பிடியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். பை அசையவில்லை. என் பக்கத்துக் கைப்பிடி மட்டும் பிய்ந்து கையோடு வந்தது.

"அறுத்துடலாம்," என்றேன்.

"ஏங்க, ஒண்ணுகூடப் பழுக்கலயே. மழை விடட்டும்."

"மழை விடுற வரைக்கும் அந்தக் கூரை தாங்காது."

அவள் கொட்டும் மழையில் குனிந்து, பச்சைக் காய்களை ஒவ்வொன்றாகப் பறித்து முந்தானையில் போட்டுக்கொண்டாள். முடித்ததும் இறங்கிப் போய், காய் நறுக்கும் கத்தியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

பையின் பக்கவாட்டில் கீறினேன். செடி சாய்ந்தது. மண் சரிந்து, தண்ணீரோடு கலந்து, பெருஞ்சத்தத்துடன் குழாயில் இறங்கியது. ஆட்டெருவும் தென்னை நார்த்தூளும் கலந்து நான் பக்குவம் செய்த மண்.

கொஞ்ச நேரத்தில் கீழே கதவு திறந்தது.

"அண்ணே, ஒழுக்கு கொறஞ்சிடுச்சி. ஆனா வாசப்படி பூரா சேறு. உன் தோட்டம் இப்ப இங்கதான் இருக்கு, எறங்கி வா!"

துடைப்பத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன். அடுப்படியில் மனைவி ஈரப் புடவையோடு உட்கார்ந்து, தாம்பாளத்தில் காய்களைப் பரப்பிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.