ஜான்சன் தண்ணீரில் விட்ட மீன்கள்

ஜான்சனுக்கு வாரத்தில் ஆறு நாள் பஸ், ஏழாவது நாள் மீன். பொத்தேரியில் காலேஜ் பஸ் ஓட்டுகிறவர். ஞாயிறு விடியற்கால ஆராதனை முடிந்ததும் செங்கல்பட்டிலிருந்து பைக்கில் கிளம்பினால், கடப்பாக்கம் கழிமுகத்துப் பாறையில் போய்தான் நிற்பார். தூண்டிலில் மீன் பிடிப்பார். ஆனால் ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார்.

காரணம் அவர் மனைவி ஹெலன். மூன்று வருஷத்துக்கு முன் நுரையீரலில் நீர் கோத்து, பதினோரு நாள் மூச்சுக் குழாயோடு கிடந்தாள். ஆஸ்பத்திரி வராண்டாவில் முழங்கால் போட்டு, "ஏசப்பா, அவ மூச்ச திருப்பிக் குடு. இனிமே நான் எந்த மூச்சயும் நிறுத்த மாட்டேன்" என்று பொருத்தனை பண்ணினார். ஹெலன் பிழைத்து வந்தாள். "அப்போ தூண்டிலயே உட்ற வேண்டியதுதானே?" என்று அவள் கேட்டதற்கு மட்டும் மனுஷனுக்குக் காது கேட்கவில்லை.

மீனை விடுவதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. தாடையில் கொக்கித் தராசை மாட்டித் தொங்கவிட்டு எடை பார்ப்பார். போனில் படம் எடுப்பார். பாறைமேல் வெள்ளைத் துண்டை விரித்து, மீனைக் கிடத்தி, வழுக்காமல் இருக்க நன்றாகத் துடைத்து, மேலே கை வைத்து ஜெபம் பண்ணுவார். சின்ன ஜெபமா? ஹெலன், பிள்ளைகள், பஸ், பஸ்ஸில் வரும் பிள்ளைகள் என்று ஒருவரும் விட்டுப்போகக் கூடாது அவருக்கு. ஆமென் சொன்னபின் "போய்ட்டு வா" என்று தூக்கித் தண்ணீரில் போடுவார். மூன்று வருஷத்தில் முப்பத்தேழு மீன்.

முப்பத்தேழாவது, ஏழு கிலோ கொடுவா. வாலில் மேல்பாதியை ஏதோ கடித்துத் தின்றிருந்தது. அதையும் ஜெபம் பண்ணி விட்டார். வெயில் ஏறியதும் நிழல் தேடி, தண்ணீர் திரும்பும் வளைவுக்கு நடந்தார். அங்கே, கழியில் மட்டி பொறுக்கும் வேண்டா என்பவள், படகு நிழலில் உட்கார்ந்து ஒரு பெரிய மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். வாலைப் பார்த்தார். பாதி வால்.

"வா அண்ணாத்த, ஒரு துண்டம் எடுத்துகினு போ."

"இது... இது எங்க கெடச்சுது?"

"இன்னா கேள்வி கேக்குற? நீ உட்டதுதான். நீ அங்க உட்டா, தண்ணி வத்தசொல்ல இங்க மல்லாந்துகினு வருது. ஞாயித்துக்கெழம ஆனா கூடையோட காத்துகினு கீறேன்."

"எல்லா வாரமுமா?"

"சின்னது பொழச்சிக்கும். பெருசு ஒண்ணும் தப்பிக்காது. கையில குடுக்க கூச்சப்பட்டுகினு தண்ணில உட்றன்னு நெனச்சேன். உன் வூட்டுக்காரம்மா நல்லா இருக்கணும்னு சொல்லிகினேதான் துன்னுவோம்."

ஜான்சன் போனைத் திறந்து காலையில் எடுத்த படத்தைப் பார்த்தார். அதே பாதி வால். முந்தின படங்களைத் தள்ளத் தள்ள, தொங்கவிட்ட பெரிய மீன்களாக வந்துகொண்டே இருந்தன. வாயைத் திறந்துகொண்டு ஒவ்வொன்றும் தவித்திருக்கிறது. பக்கத்தில் அவர் சிரித்திருக்கிறார்.

"ஏன்க்கா சாவுது?"

"வாய மாட்டித் தொங்கவுட்டா அந்த வெயிட்டுக்கு உள்ள எல்லாம் கழண்டுடும். மேல கீற கொழகொழப்ப தொடச்சா தோலு புண்ணாவும். அப்பால நீ இன்னாத்தயோ பேசிகினே கீற, அது மூச்சு முட்டிகினு கெடக்குது."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"நீ கேக்கலியே."

மூச்சுக்கு நன்றி சொல்லிச் சொல்லியே மூச்சை அடைத்திருக்கிறார். பொருத்தனை பொய்த்துப்போன பயத்தில் ஹெலனுக்குப் போன் போட்டார். "மூச்சு நல்லா கீதா?"

"கொழம்பு வச்சிகினு கீறேன். இன்னா ஒளர்ற?"

இரண்டு ஞாயிறு அவர் அந்தப் பக்கமே போகவில்லை. தூண்டிலைப் பரணில் போட்டார். மூன்றாவது ஞாயிறு எடுத்தார். பழகிய கை சும்மா இருக்குமா? தூண்டில் முள்ளின் கொடுக்கை மட்டும் குறட்டால் நசுக்கிவிட்டார், கழற்றும்போது கிழிக்கக் கூடாதென்று.

பத்து மணிக்குப் பெரிய கொடுவா ஒன்று மாட்டியது. இந்தத் தடவை அவர் மீனைப் பாறைக்கு ஏற்றவில்லை. அவர்தான் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். தண்ணீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றினார். நனைந்த கையில் ஒன்றை வயிற்றுக்கடியில் கொடுத்து, ஒன்றால் வாலடியைப் பிடித்து, தலையை நீரோட்டத்துக்கு எதிரே காட்டி நிறுத்தினார். பழக்கதோஷத்தில் "ஸ்தோத்திரம்" என்று வாய் தொடங்கியது. பல்லைக் கடித்து மூடிக்கொண்டார். செவுள் திறந்து மூடியது. திறந்து மூடியது. திடீரென்று வால் அவர் கையை உதறித் தள்ளிவிட்டுப் போய்விட்டது. படம் இல்லை.

ஈரத் துணியோடு வளைவுக்கு ஓடினார். வேண்டா கூடையோடு தயாராக நின்றாள். இருவரும் தண்ணீரையே பார்த்து நின்றார்கள். மிதந்து வந்த ஒரு வெள்ளைப் பையைக் கண்டு அவருக்கு உயிரே போய் வந்தது. தண்ணீர் முழுக்க வற்றிச் சேறு தெரியும்வரை வேறொன்றும் வரவில்லை.

"இன்னா அண்ணாத்த, ஒரே பேஜாரா பூடுச்சு," என்று வேண்டா காலிக் கூடையை இடுப்பில் ஏற்றினாள். "இன்னிக்கு நீ மீனே புடிக்கலியா?"

ஜான்சன் சேற்றிலேயே முழங்கால் போட்டு, அடக்கிவைத்திருந்த ஜெபத்தை ஆரம்பித்தார். முப்பத்தேழுக்கும் மன்னிப்புக் கேட்டு முடிக்க வெகுநேரம் ஆயிற்று.