விளக்கம் எழுதாத வரி

என் தங்கை மகளை ஆபீசில் கமா என்று கூப்பிடுவார்கள். யார் எழுதிய நிரலானாலும் ஒரு கமா தவறியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவாள் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். கணினிக்கு அடித்தளமாகக் கர்னல் என்று ஒன்று இருக்கிறதாம். அதற்கும் வெளியே உள்ள கருவிக்கும் நடுவில் நின்று பேசுகிற நிரல்தான் டிரைவர். "பொண்ணு டிரைவர் வேலை பாக்குது" என்று கல்யாணப் பேச்சில் யாரோ சொல்ல, மாப்பிள்ளையின் சித்தப்பா, "பஸ்ஸா, லாரியா?" என்று கேட்டுவிட்டார்.

மாப்பிள்ளைக்கும் அதே வேலை. அவர் எழுதுவார், இவள் சரிபார்ப்பாள். அவர் வீட்டார் காரணம் சொல்லாத வம்சம். அவருடைய அப்பா ஒருநாள் மீசையை மழித்துவிட்டு வந்து, சாகும்வரை ஏன் என்று சொல்லவில்லை. பெரியத்தை நன்றாக இருந்த வீட்டை விற்றுவிட்டு எதிர்வீட்டுக்குக் குடிபோனாள்; கேட்டால் சிரிப்பாள். மாப்பிள்ளை படுக்கையறைக் கடிகாரத்தைக் கழற்றிச் சமையலறையில் மாட்டினார். கேட்டால், "இருக்கட்டும்" என்பார். ஒரு காலை பல் துலக்கப் போனவர் அங்கேயே சரிந்து உயிரை விட்டார். அதற்கும் காரணம் சொல்லவில்லை. அதன் பிறகுதான் நான் துணைக்கு வந்து இவளோடு இருக்கிறேன்.

அவர் கடைசியாக எழுதியது, மருந்து வைக்கும் குளிர் அறையின் சூட்டை அளந்து சொல்லும் ஒரு மின்னணு அட்டைக்கான டிரைவர். எழுத்து முறை சரியா என்று பார்க்க அவர்களிடம் ஒரு செக்கர் உண்டு. வரி நீளம், இடைவெளி தப்பு என்று எச்சரிக்கையாகக் கொட்டும். அது சொல்வதையெல்லாம் கேட்க வேண்டியதில்லை, எதைக் கேட்பது எதை விடுவது என்று தெரிவதுதான் வேலை என்பாள் கமா.

அவருடைய நிரலில் ஒரே இடத்தில்தான் அது குறை சொல்லும். 'தடை இருக்கிறது, விளக்கம் இல்லை.' முன்னது முடியாமல் பின்னதைத் தொடாதே என்று கணினியை நிறுத்திவைக்கும் வரி அது. ஏன் போட்டார் என்று எழுதாமல் விட்டிருந்தார். செக்கர் ஓடும்போதெல்லாம் அவரைத்தான் கேட்கும். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியோடு இருப்பவள் அந்த எச்சரிக்கை வந்ததும் தலையை நிமிர்த்துவாள். எதிரே ஆள் இருந்து பதில் சொல்லப் போகிறாற்போல் காத்திருப்பாள். அந்தக் கேள்வி அவளைத் தின்றது. அது நின்றுபோனால் என்ன செய்வாள் என்ற பயம் எனக்கு.

அடுத்த வெளியீட்டுக்குள் ஒரு எச்சரிக்கைகூட மிஞ்சக் கூடாது என்று ஆபீசில் உத்தரவு வந்தது. கூட்டித் தள்ளும் பொறுப்பு ஒரு மூத்த ஆளுக்கு. அவர் பட்டப்பெயர் துடைப்பம். தடை வரிக்கு மேல் 'வரிசைக்காக' என்று எழுதி இவளுடைய ஒப்புதலுக்கு அனுப்பினார். பிறகு போனில் வந்தார். இவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"கமா, செக்கர் வாயை அடைச்சாச்சு. உன் பேரைப் போட்டா தீர்ந்தது."

"தடைன்னாலே வரிசைக்குத்தான் அண்ணே. கதவு மேல 'கதவு'ன்னு எழுதி வச்ச மாதிரி இருக்கு. அது கேக்கறது ஏன்னு."

"எழுதினவர்கிட்டப் போயா கேக்க முடியும்?"

சொன்ன கையோடு அவரே திருத்திக்கொண்டார்.

"தப்பாச் சொல்லிட்டேன்மா."

"பரவால்லண்ணே. ஆனா அவர் சொல்லாததைச் சொன்ன மாதிரி நான் பேரு போட மாட்டேன்."

"அப்ப அந்த வரியையே தூக்கிடு."

"தூக்கினா என்ன ஆகுதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்."

வரியை எடுத்துவிட்டு, சூடு அளக்கும் கம்பியை ஐஸ் தண்ணீர் டம்ளரிலும் வெந்நீர் டம்ளரிலும் மாற்றி மாற்றிப் போட்டாள். டம்ளர் நிரப்புவது என் வேலை. புது அட்டையில் ஒரு கோளாறும் இல்லை. பரணிலிருந்து அவர் பயன்படுத்திய பழைய அட்டையை இறக்கினாள். அதிலும் நாள்கணக்கில் எல்லாம் சரியாகத்தான் வந்தது. ஒரு மத்தியானம் திடீரென்று கையைத் திரையில் வைத்தாள்.

"மாமா, கம்பி எதுல இருக்கு?"

"வெந்நீர்லம்மா. ஆவி பறக்குதே."

திரையில் ஐஸின் அளவு நின்றது. பக்கத்தில் 'புதியது' என்ற அடையாளம்.

"புதுசு வந்தாச்சுங்கற கொடி முன்னாடியே ஏறிடுது. அளவு பின்னாடிதான் வருது. அதுவரைக்கும் போனதை இப்ப இருக்கிறதா காட்டும். உள்ள மருந்து கெட்டுக்கிட்டிருக்கும், வெளிய நல்லாருக்குன்னு சொல்லும். அளவு வந்து சேராம கொடி ஏறக் கூடாதுன்னுதான் தடை போட்டிருக்கார்."

"ஒரு வார்த்தை எழுதி வச்சிருக்கலாமே" என்றேன்.

"அவரா?" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

வரியைப் பழைய இடத்தில் வைத்து, மேலே காரணத்தை எழுதிச் செக்கரை ஓட்டினாள். குறை எதுவும் இல்லை என்றது. மறுபடி ஓட்டினாள். தலையை நிமிர்த்தவில்லை. மறுபடியும் ஓட்டினாள்.

போன் அடித்தது. "என்னம்மா, எச்சரிக்கை பூஜ்யமா?" என்றார் துடைப்பம்.

"பூஜ்யம்தான் அண்ணே" என்று சொல்லிவிட்டு, தன் பெயரைப் போட்டு அனுப்பினாள்.